காசும் கேஷும்: ஒரே சொல்லா, இரண்டா?

தாழம்பூ (கேள்வி)

பள்ளித் தமிழ் மன்றத்துக்காக 'ஆங்கிலத்தில் குடியேறிய தமிழ்ச் சொற்கள்' என்று ஒரு பலகை தயாராகிறது. கட்டுமரம், சுருட்டு, மிளகுத்தண்ணி மூன்றிலும் சிக்கல் இல்லை. நான்காவதாகக் 'காசு – கேஷ்' என்று எழுதப் போனதும் இரண்டு கட்சி. ஒரு கட்சி, "ஒலியும் ஒன்று, பொருளும் ஒன்று, இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?" என்கிறது. இன்னொரு கட்சி, "அது பிரெஞ்சுச் சொல், வாட்ஸ்ஆப்பில் வருவதையெல்லாம் சுவரில் ஏற்றக்கூடாது" என்கிறது. ஆங்கில அகராதியைத் திறந்தால் குழப்பம் கூடுகிறது. 'கேஷ்' என்பதற்கு எண் போட்டுத் தனித்தனிப் பதிவுகள். ஒன்றில் தமிழ்ப் பெயரே இல்லை. இன்னொன்றில் தமிழும் இருக்கிறது, சீனாவும் இருக்கிறது.

தெரிய வேண்டியவை: எது சரி? சீனா எங்கிருந்து நுழைந்தது? கேஷியர், கேஷ்யூ, கம்ப்யூட்டரில் சொல்கிற கேஷ் மெமரி, இவையும் இந்தக் குடும்பமா? கடைசியாக, பலகையில் எழுத இரண்டு மூன்று வரி வேண்டும். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குப் புரிய வேண்டும், விவரம் தெரிந்தவர் வந்து பார்த்தாலும் தவறு சொல்லக்கூடாது.

---

ஓலைச்சுவடி

இரண்டு கட்சியும் பாதி சரி. ஆங்கிலத்தில் ஒரே எழுத்துக்கூட்டலில் இரண்டு வேறு சொற்கள் இருக்கின்றன. அகராதி எண் போட்டுப் பிரிப்பது அதனால்தான். ஒரு சொல்லுக்கு இரண்டு பொருள் என்றால் ஒரே பதிவுக்குள் 'அ', 'ஆ' என்று வரும். வேறு வேறு வேரென்றால்தான் தனிப் பதிவு. தமிழில் 'ஆறு' என்ற எண்ணையும் 'ஆறு' என்ற நதியையும் அகராதி பிரிப்பதைப் போல.

முதல் கேஷ், கடையில் "கேஷா, கார்டா?" என்று கேட்கும் கேஷ். இதன் மூலப்பொருள் பணம் அல்ல, பெட்டி. லத்தீனில் 'காப்ஸா' என்றால் பொருள் வைக்கும் பேழை. 'பிடி, கொள்' என்ற வினையிலிருந்து வந்தது. அது இத்தாலியில் 'காஸ்ஸா' ஆனது, பிரெஞ்சில் 'கெஸ்' ஆனது. 16-ஆம் நூற்றாண்டு வணிகனின் மேசையில் இருந்த பணப்பெட்டிக்கு இதுதான் பெயர். 1590களில் இது ஆங்கிலத்துக்கு வந்தபோது பெட்டியையும் குறித்தது, பெட்டிக்குள் இருந்த பணத்தையும் குறித்தது. பெட்டி என்ற பொருள் 18-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்தில் வழக்கொழிந்தது. பணம் மட்டும் நின்றது.

பெட்டி எப்படிப் பணமாகும் என்று யோசிக்க வேண்டியதில்லை. நம் 'கல்லா' அப்படியே இதுதான். கல்லா என்பது கடைக்காரர் முன்னால் இருக்கும் பெட்டி. "இன்னைக்கு நல்லா கல்லா கட்டிடுச்சு" என்றால் யாரும் பெட்டியைக் கயிற்றால் கட்டியதாக நினைப்பதில்லை. அரசாங்கத்தின் 'பட்ஜெட்'டும் இதே வழியில் வந்ததுதான்: பழைய பிரெஞ்சில் அது ஒரு சிறு தோல்பை.

ஐரோப்பாவில் இந்தப் பெட்டி இன்னும் உயிரோடு இருக்கிறது. பாரிஸ் கடையில் பணம் கட்டும் இடம் 'கெஸ்', ரோமில் 'காஸ்ஸா', ஜெர்மனியில் 'காஸ்ஸெ'. தமிழ்க் காசிலிருந்து ஆங்கிலப் பணக் கேஷ் வந்தது என்று சொல்பவர், இத்தனை மொழிகளிலும் அது ஏன் பெட்டியையும் கல்லாவையும் குறிக்கிறது என்பதற்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

'ஸ்' எப்படி 'ஷ்' ஆனது? பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு வரும்போது இது பழகிய தடம். நாயைக் கட்டும் வார் பழைய பிரெஞ்சில் 'லெஸ்', ஆங்கிலத்தில் 'லீஷ்'. தள்ளு என்பதற்கான பிரெஞ்சு வினை 'பூஸ்ஸே', ஆங்கிலத்தில் 'புஷ்'.

உடன்பிறந்தவர்களையும் பார்த்துவிடுங்கள். லத்தீன் காப்ஸாவின் சிறு வடிவம் மருந்துக்கடையில் விற்கும் 'கேப்ஸ்யூல்': குட்டிப் பெட்டி. 'கேசட்' பிரெஞ்சுக் குட்டிப் பெட்டி. சூட்கேஸ், பிரீஃப்கேஸில் வரும் 'கேஸ்' இதே பெட்டிதான். லாரி 'சேஸிஸ்' கூட, பிரெஞ்சில் பெட்டி, சட்டகம் என்ற பொருளில் இருந்த சொல்லின் வாரிசு. (போலீஸில் போடும் 'கேஸ்' மட்டும் இதில் சேராது. அது 'விழு, நேர்' என்ற லத்தீன் வினையின் வழி வந்த வேறு சொல். அங்கேயும் ஒரே ஒலியில் இரண்டு பேர்.)

இரண்டாவது கேஷ், சிறு மதிப்புள்ள கீழை நாட்டு நாணயம். இது காசுதான், நம் காசு. வந்த வழி போர்ச்சுகீசியம். அவர்கள் காசை 'கைஷா' என்றார்கள். வேடிக்கை என்னவென்றால், போர்ச்சுகீசியத்தில் பெட்டிக்கும் 'கைஷா' என்றுதான் பெயர், அதுவும் அதே லத்தீன் பெட்டியிலிருந்து வந்தது. காதில் விழுந்த அயல் சொல்லைத் தங்களிடம் ஏற்கனவே இருந்த சொல்லின் எழுத்துக்கூட்டலிலேயே எழுதிவிட்டார்கள். ஆக, இரண்டு சொற்களும் ஒரே சட்டை போட்டுக்கொண்டது ஆங்கிலத்தில் மட்டுமல்ல, அதற்கு முன்பே போர்ச்சுகீசியத்தில்.

இரண்டும் லண்டனில் ஒரே ஆண்டு அச்சில் கிடைக்கின்றன, 1598. அந்த ஆண்டு ஃபுளோரியோ வெளியிட்ட இத்தாலிய–ஆங்கில அகராதி, 'காஸ்ஸா'வுக்கு வணிகரின் 'கேஷ்' என்று பொருள் தருகிறது. அதே ஆண்டு டச்சுப் பயணி லின்ஸ்கோட்டனின் நூல் ஆங்கிலத்தில் வருகிறது. அதில் சுந்தா நாட்டில், அதாவது மேற்கு ஜாவாவில், 'கைஷா' என்ற செப்பு நாணயத்தைத் தவிர வேறு பணமே இல்லை என்று ஒரு குறிப்பு. நடுவில் துளை இருக்குமாம், இருநூறு அல்லது ஆயிரமாக ஒரு கயிற்றில் கோப்பார்களாம். முதலாவது பெட்டி, இரண்டாவது காசு.

சீனா நுழைந்தது இந்தக் கயிற்று வழியாகத்தான். நடுவில் சதுரத் துளை போட்ட நாணயம் சீனாவின் அமைப்பு. ஆனால் சீனர்கள் அதைக் கேஷ் என்று ஒருபோதும் சொல்லவில்லை. அவர்களுக்கு அது 'சியென்', எண்ணும்போது 'வென்'. போர்ச்சுகீசியர் இந்தியக் கரையில் பழகிய சொல்லை மலாக்காவுக்கும் ஜாவாவுக்கும் எடுத்துப்போய், அங்கே கண்ட சில்லறைக்கெல்லாம் அதே பெயரை வைத்தார்கள். பின்னால் வந்த ஆங்கிலேயர் அதைச் சீனக் கடற்கரை வரை கொண்டுபோனார்கள். இன்று உலகெங்கும் நாணயம் சேர்ப்பவர்கள் சீனத் துளைக்காசை 'கேஷ்' என்றுதான் அழைக்கிறார்கள். சீன நாணயத்துக்கு ஆங்கிலத்தில் தமிழ்ப் பெயர். பலகையில் போட இதைவிட நல்ல செய்தி கிடைக்காது.

---

கழுமலம்

ஒரு மறுப்பு. காசு என்ற சொல்லின் வயதைக் கணக்கில் எடுக்கவில்லையே. திருவீழிமிழலையில் சம்பந்தர் "வாசி தீரவே காசு நல்குவீர்" என்று பாடியது 7-ஆம் நூற்றாண்டு. வாசி என்பது நாணயம் மாற்றும்போது வட்டக்காரன் பிடித்துக்கொள்ளும் கழிவு. அதாவது அன்றைக்கே காசு, அதன் தரம், மாற்று, கழிவு எல்லாம் கடைத்தெருப் பேச்சாக இருந்திருக்கிறது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் கோயில் பண்டாரத்துக் காசை ஊர்ச் சபைகளுக்கு வட்டிக்குக் கொடுக்கிறார்கள்: காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு, இன்றைய கணக்கில் 12.5 சதவீதம். அதற்கும் வெகு முன்னால், குறுந்தொகை 67-இல், வளைந்த அலகில் வேப்பம்பழத்தைப் பிடித்திருக்கும் கிளிக்கு, புது நூலில் கோப்பதற்காகப் பொற்கொல்லன் கூர்நகத்தில் பிடித்த பொற்காசு உவமை ஆகிறது. காசுமாலைக்கு இவ்வளவு பழைய சாட்சி.

யாப்பில்கூட வெண்பாவின் கடைசிச் சீருக்கு நாள், மலர், காசு, பிறப்பு என்று நான்கு வாய்பாடு. "அன்றே மறப்பது நன்று" என்பதில் 'நன்று' காசு வாய்பாடு. இலக்கணக்காரர் வாயில் சட்டென்று வரும் அளவுக்குப் பழகிய சொல். இங்கே இருப்பது முழுத் தொடர்ச்சி. அங்கே இருப்பது 1590கள். மூத்தது எது என்பதில் கேள்வியே இல்லை.

---

ஓலைச்சுவடி

மூத்தது எது என்பதில் எனக்கும் கேள்வி இல்லை. ஆனால் மூப்பு மட்டும் தாய்மை ஆகாது. இரண்டு சொல் ஒத்திருந்தால் பார்க்க வேண்டியது வழி: யார், எந்த ஆண்டில், எந்தத் துறைமுகத்தில், எந்தப் பொருளில் எடுத்துப்போனார்கள்?

பணக் கேஷை இந்த உரைகல்லில் உரசிப் பாருங்கள். கிழக்கிந்தியக் கம்பெனி தொடங்கியது 1600-இன் கடைசி நாள். சோழமண்டலக் கரைப் பக்கம் அவர்களுடைய முதல் பண்டகசாலை மசூலிப்பட்டினத்தில், 1611. சென்னையில் நிலம் கிடைத்தது 1639. 'கேஷ்' என்ற சொல் லண்டன் வணிகனின் கணக்குமேசையில் உட்கார்ந்தது இதற்கெல்லாம் முன்பு. தமிழ்க்கரைக்கு ஆங்கிலேயர் வரும்போது, அவர்கள் பையில் ஒரு கேஷ் ஏற்கனவே இருந்தது.

போர்ச்சுகீசியர் வழியாக முன்பே போயிருக்கலாமே என்று கேட்கலாம். போனதுதான், சில்லறை நாணயத்தின் பெயராகப் போனது. அந்த வழியில் போன சொல் எந்த இடத்திலும் 'பணப்பெட்டி' என்ற பொருளில் வரவில்லை. அதேபோல, லண்டன் கேஷ் தொடக்கத்தில் எந்த இடத்திலும் 'இத்தனை கேஷ்' என்று எண்ணப்படவில்லை. இந்த இலக்கணச் சோதனை எளிது, பிள்ளைகளே செய்து பார்க்கலாம். நாணயக் கேஷ் எண்ணப்படும்: பத்து கேஷ், இருபது கேஷ். பணக் கேஷ் எண்ணப்படாது. அதை 'இவ்வளவு' என்றுதான் சொல்ல முடியும். ஒன்றிலிருந்து மற்றொன்று பிறந்திருந்தால், நடுவில் தடுமாறும் எடுத்துக்காட்டு சிலவாவது கிடைத்திருக்க வேண்டும்.

உங்கள் சம்பந்தர் சான்று வேறொன்றுக்கு உதவும். காசு என்ற நாணயப் பெயர் ஐரோப்பியர் கொண்டுவந்தது அல்ல என்பதற்கு அது அசைக்க முடியாத சாட்சி. எதிர்ப்பக்கமாக, "காசு என்பதே கேஷிலிருந்து வந்ததுதானே" என்று சிலர் கிளம்புவதுண்டு. மலையாளத்தில் 'காஶ்' என்று முடிவதால் அது ஆங்கிலம் என்று நினைப்பவர்கள் உண்டு. அவர்களிடம் காட்டுங்கள். சிங்களத்திலும் நாணயத்துக்குக் 'காசி' என்று பெயர்.

---

செப்புத்துட்டு

மேலே சொன்னது சொல்லின் கதை. கையில் எடுத்துப் பார்க்கக் கூடிய நாணயக் கதையைச் சேர்க்கிறேன், பலகைக்குப் படமும் கிடைக்கும்.

சென்னையில் கம்பெனியின் கணக்கு இப்படி: 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு நட்சத்திர வராகன் என்ற பொன் நாணயம். ஆங்கிலேயர் ஏட்டில் இதையே 80 கேஷ் ஒரு ஃபனம், 42 ஃபனம் ஒரு பகோடா என்று எழுதினார்கள். ஃபனம் என்பது நம் 'பணம்'. ஆக ஒரு வராகனுக்கு 3,360 காசு. 1818-இல் ரூபாயை நிலையான நாணயமாக்கியபோது வராகனுக்கு மூன்றரை ரூபாய் என்று மாற்று வைத்தார்கள். அப்படியானால் ரூபாய்க்கு 12 பணம், 960 காசு. ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 பை, ஆக ரூபாய்க்கு 192 பை என்பதால் 5 காசு ஒரு பை. பழைய சென்னைக் கணக்கேடு படிப்பவர்கள் அடிக்கடி தடுக்கி விழும் இடம் இது. '2–15–40' என்று மூன்று எண் இருந்தால் அதை ரூபாய்–அணா–பை என்று படித்துவிடுகிறார்கள். நடு எண் 15-ஐத் தாண்டினாலோ, கடைசி எண் 11-ஐத் தாண்டினாலோ அது அணாக் கணக்கு அல்ல. நடுவில் 41 வரையும் கடைசியில் 79 வரையும் வந்தால் வராகன்–பணம்–காசு.

படத்துக்கு ஏற்றது 1808-ஆம் ஆண்டு 20 காசு நாணயம். செம்பு, சுமார் 31 மில்லிமீட்டர் அகலம், 9 கிராமுக்குச் சற்றுக் கூட. பர்மிங்காம் சோஹோ நாணயச்சாலையில் நீராவி இயந்திரத்தில் அடித்தது. ஒரு பக்கம் சிங்கங்கள் தாங்கும் கம்பெனியின் சின்னம், கீழே ஆண்டு. மறுபக்கம் பாரசீக எழுத்தில் 'பீஸ்த் காஸ் சஹார் ஃபுலூஸ் அஸ்த்', அதாவது இருபது காசு என்பது நான்கு ஃபுலூஸ் (செப்பு நாணயம்). அதற்கு அடியில் ரோமன் எண்ணில் 20, பக்கத்தில் ஆங்கிலத்தில் 'கேஷ்'. ஒரே பக்கத்தில் பாரசீக எழுத்தில் 'காஸ்', ஆங்கில எழுத்தில் 'கேஷ்'. இரண்டும் நம் காசு. ஓலைச்சுவடி சொன்ன 'எண்ணப்படும் கேஷ்' செம்பில் அடித்து வைத்திருக்கிறது.

இந்த நாணயம் இன்றைக்கும் ஓரளவு எளிதாகக் கிடைப்பதற்குக் காரணம் ஒரு கப்பல் விபத்து. சென்னைக்கு இவற்றை ஏற்றி வந்த 'அட்மிரல் கார்ட்னர்' 1809 ஜனவரியில், புறப்பட்ட சில நாளிலேயே, இங்கிலாந்தின் தென்கிழக்குக் கரையில் குட்வின் மணல்திட்டில் மோதி மூழ்கியது. பீப்பாய் பீப்பாயாக 10 காசும் 20 காசும் கடலடியில் கிடந்தன. 1980களில் மேலே எடுத்தார்கள். விற்பனைக்கு வரும் 1808 நாணயங்களில் பெரும்பகுதி இந்தக் கப்பலுடையது. பீப்பாயின் நடுவில் இருந்தவை எழுத்து மழுங்காமல் இருக்கும். ஓரத்தில் இருந்தவை உப்பு அரித்துப் புள்ளி புள்ளியாக இருக்கும். எலுமிச்சையும் புளியும் போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கியதை வாங்காதீர்கள். மேல்தோல் போய்விட்டால் எழுத்தின் விளிம்பும் போய்விடும்.

மற்றவர்களும் காசை விடவில்லை. தரங்கம்பாடியில் டென்மார்க்காரர்கள் 1, 2, 4, 10 'காஸ்' என்று நாணயம் அடித்தார்கள். அங்கே 80 காஸ் ஒரு ஃபனோ, 8 ஃபனோ ஒரு ரூபாய். 1845-இல் ஊரை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனார்கள். புதுச்சேரிப் பிரெஞ்சுக்காரர்கள் இதையே 'காஷ்' என்று எழுதினார்கள், கம்ப்யூட்டர் கேஷுக்கு எழுதும் அதே எழுத்துக்கூட்டலில். திருவிதாங்கூரில் 16 காசு ஒரு சக்கரம், 28 சக்கரம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய். இது 1949 வரை ஓடியது. புதுக்கோட்டையின் 'அம்மன் காசு'வில் ஒரு பக்கம் பிரகதாம்பாள், மறுபக்கம் தெலுங்கு எழுத்தில் 'விஜய'. அதைப் பார்த்து ஆந்திர நாணயம் என்று பெட்டியில் போட்டுவைப்பவர்கள் நிறைய.

சோழர் காலத்தில் பொன்னாக இருந்த காசு, கம்பெனி காலத்தில் ரூபாயில் 960-இல் ஒரு பங்கு. 1957-இல் தசம நாணயம் வந்தபோது அரசு வைத்த பெயர் நயா பைசா. தமிழ்நாடு "அஞ்சு காசு, பத்து காசு" என்றே சொல்லிக்கொண்டது. யாழ்ப்பாணத்தில் சில்லறைக்குச் சதம். மொத்தப் பணத்துக்கே காசு.

---

மொழிபெயர்ப்பு மேசை

கேள்வியின் கடைசிப் பகுதி இன்னும் நிற்கிறது, சுருக்கமாக.

கேஷியர்: வங்கியில் உட்காருபவர் பெட்டிக் குடும்பம்தான். பெட்டியைக் காப்பவர். டச்சு அல்லது பிரெஞ்சு வழியாக 1590களிலேயே வந்துவிட்டார். 'காசாளர்' என்ற தமிழாக்கம் ஒலியிலும் பக்கத்தில் நிற்பதால் சிலர் மூலமே அதுதான் என்று நினைக்கிறார்கள். அது காசு + ஆளர், 'காசோலை' போல நம் சொல்லை வைத்துப் பின்னால் கட்டியது. நல்ல ஆக்கம், அவ்வளவுதான்.

ஆனால் ஆங்கிலத்தில் 'கேஷியர்' என்று ஒரு வினைச்சொல் இருக்கிறது, இதில்தான் கை சுட்டுக்கொள்வார்கள். ராணுவ அதிகாரியைக் 'கேஷியர்' செய்தார்கள் என்று வந்தால், அவமானப்படுத்திப் பதவி பறித்தார்கள் என்று அர்த்தம். 'உடை, ரத்து செய்' என்ற பிரெஞ்சு வினை, டச்சுப் படைமுகாம் வழியாக வந்தது. பெட்டியோடும் காசோடும் ஒட்டில்லை. "அந்தத் தளபதி காசாளராக நியமிக்கப்பட்டார்" என்று பெயர்த்தால் கதை தலைகீழாகிவிடும்.

கேஷ்யூ: முந்திரி. பிரேசில் நாட்டுத் தூபி மொழியின் 'அகாஜு', போர்ச்சுகீசியத்தில் 'காஜு', அங்கிருந்து ஆங்கிலம். இலங்கையில் கஜு என்பதும் அதுவே. கேஷ்மியர் கம்பளி காஷ்மீரின் பெயர்.

கேஷ் மெமரி: எழுத்துக்கூட்டலே வேறு. பிரெஞ்சில் 'மறைத்து வை' என்ற வினை. வட அமெரிக்கக் காடுகளில் தோல் வணிகம் செய்த பிரெஞ்சுக்காரர்கள் உணவையும் தோலையும் புதைத்து வைக்கும் குழிக்கு இந்தப் பெயர். 1968-இல் ஐபிஎம் அறிவித்த சிஸ்டம்/360 மாடல் 85-இல், பெரிய நினைவகத்துக்கும் செயலிக்கும் நடுவே வைத்த சிறு வேக நினைவகத்துக்குப் பெயராக வந்து ஒட்டிக்கொண்டது. உச்சரிப்பு பணக் கேஷ் போலவே. தமிழில் எழுதும்போது இரண்டும் 'கேஷ்' ஆகிவிடுவதால், "கேஷைக் காலி செய்யவும்" என்று செயலிக் குறிப்பில் எழுதினால் பணப்பை காலியாகும் என்று பயப்படுகிறவர்கள் இருப்பார்கள். 'தற்காலிக நினைவகம்' என்று ஒருமுறையாவது விரித்து எழுதுவது நல்லது.

---

தாழம்பூ

எல்லோருக்கும் நன்றி. ஒன்று மட்டும் பாக்கி. ஆங்கில அகராதி 'தமிழ் காசு' என்று எழுதிவிட்டு, அதற்கும் பின்னால் 'சமஸ்கிருதம் கர்ஷ' என்று போடுகிறது. இதைப் பலகையில் சொல்ல வேண்டுமா?

---

ஓலைச்சுவடி

பலகையில் வேண்டாம், கேட்டால் சொல்லத் தெரிந்திருந்தால் போதும். 'கர்ஷ' என்பது எடைப் பெயர்: 'பலம்' என்ற பழைய எடையில் நான்கில் ஒன்று. அதே எடைக்குத் தமிழில் ஏற்கனவே ஒரு சொல் இருக்கிறது, 'கஃசு'. "தொடிப்புழுதி கஃசா உணக்கின்" என்ற குறள் 1037, ஒரு பலப் புழுதி கால் பலமாகக் காயும்படி உழுதால் ஒரு பிடி எருவும் வேண்டாம் என்கிறது. கால் பலத்துக்குக் கால் பலம் அப்படியே பொருந்துகிறது, நடுவில் வந்த 'ர்ஷ' ஒலியை ஆய்தம் ஏந்திக்கொண்டதும் பொருந்துகிறது. ஆகவே கர்ஷவுக்கு நேர் உறவு கஃசு. காசையும் அதே வீட்டில் சேர்க்க வேண்டுமானால், கஃசு நீண்டு காசு ஆனது, எடைப்பெயர் நாணயப் பெயரானது என்று இன்னும் இரண்டு படி ஏற வேண்டும். எடை நாணயப் பெயராவது உலகெங்கும் நடப்பதுதான். பவுன் என்பதே ஓர் எடை. ஆனால் குறுந்தொகையில் காசு, எடைக்கல்லாக இல்லாமல் கோக்கிற அணியாக நிற்கிறது. காசுக்கு மணி என்ற பொருளும் உண்டு. அதனால் அந்த இரண்டு படியை நான் ஏற மாட்டேன். ஏறுகிற அறிஞர்கள் இருக்கிறார்கள். போர்ச்சுகீசியர் எடுத்தது தமிழ்க் காசை என்பதில் இது எதையும் மாற்றாது.

'காசு' என்பதற்குக் குற்றம் என்றும் ஒரு பொருள் உண்டு. கோவலன் கண்ணகியைக் "காசறு விரையே" என்கிறபோது காசில்லாத வாசனைத் திரவியம் என்று பிள்ளைகள் உரை எழுதிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பலகைக்கு இப்படி எழுதலாம்:

'காசு → கைஷா (போர்ச்சுகீசியம்) → கேஷ் (ஆங்கிலம்): இந்தியா, ஜாவா, சீனா ஆகிய பகுதிகளின் சிறு நாணயத்துக்கு ஆங்கிலப் பெயர். ரொக்கப் பணத்தைக் குறிக்கும் கேஷ் வேறு சொல். அது பணப்பெட்டியைக் குறித்த ஐரோப்பியச் சொல்லிலிருந்து வந்தது.'

---

செப்புத்துட்டு

20 காசு படம் அச்சிடும்போது பாரசீகப் பக்கத்தைத் தலைகீழாக ஒட்டிவிடாதீர்கள், அச்சுப் பட்டியல்களிலேயே அப்படி வந்திருக்கிறது. 'கேஷ்' என்ற ஆங்கில எழுத்து அடியில் வர வேண்டும்.